சந்தனப் பொட்டு வைத்த ரிவால்வர்

மணைமேல் சிவப்புப் பட்டுத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் என் சுருக்கெழுத்துப் பென்சில், அக்காவின் கத்தரிக்கோல், இரண்டு சங்கீதப் புத்தகங்கள், அத்திம்பேரின் பேனா, பக்கத்தில் கழுவித் துடைத்த அரிவாள்மணை. இத்தனைக்கும் நடுவில், எல்லாவற்றுக்கும் தான்தான் பெரியவன் என்கிற மாதிரி ஒரு ரிவால்வர். அக்கா மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு அதன் குழல்மேல் ஒரு பொட்டு வைத்தாள். பொட்டின் நடுவில் துளிக் குங்குமம். "இன்னும் கொஞ்சம் பெரிசா வையேன், தெரியவே இல்லியே" என்றார் அத்திம்பேர். அக்கா பெரிதாக வைத்தாள். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் ஃப்ளாட்டில் நடந்த சரஸ்வதி பூஜை அது. அறுபதுகளின் பிற்பகுதி. இத்தனை காலம் கழித்தும் கண்ணை மூடினால் அந்தப் பொட்டுதான் முதலில் வருகிறது. எரிச்சலும் அதோடு சேர்ந்தே வருகிறது.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து டைப்பும் ஷார்ட்ஹேண்டும் முடித்துவிட்டு வந்த மச்சினி என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, கோட்டைப் பக்கத்தில் ஓர் ஆபீசில் வேலையும் வாங்கிக் கொடுத்தவர். காலையில் முதல் டிகாக்ஷனை அவரே இறக்குவார், எனக்கும் ஒரு டம்ளர் ஆற்றி வைப்பார். இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. நல்லவர் என்று மாட்டுங்கா முழுக்கச் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். நல்லவர்களுக்கு ஒரு விஷயத்தில் பைத்தியம் பிடித்தால் அதைத் தடுக்க வீட்டில் ஒருவருக்கும் தைரியம் வராது. அதுதான் அவர்களிடம் இருக்கிற பெரிய ஆபத்து.

காலம் கெட்டுக் கிடந்தது உண்மைதான். சுவர்களில் மதராஸிகளைத் திட்டிக் கரியால் எழுதியிருப்பார்கள். எங்கேயோ ஒரு இட்லி ஹோட்டலில் கல் விழுந்தது என்பார்கள். லோக்கல் ரயிலில் தமிழில் பேசினால் இரண்டு தலைகள் திரும்பிப் பார்க்கும். ஆண்கள் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு பேண்ட்டுக்கு மாறினார்கள். அத்திம்பேர் மாறவில்லை. அவர் ரிவால்வர் வாங்கினார். கம்பெனியின் சம்பளப் பணத்தைப் பாங்கிலிருந்து கொண்டுவரும் பொறுப்பு அவருக்கு இருந்ததால் லைசென்ஸ் கிடைத்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து அதை விலைக்கு வாங்கி, மஞ்சள் ஃப்ளானல் துணியில் சுற்றி, என்னமோ குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிற மாதிரி டாக்ஸியில் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் டாக்ஸி ஏறி நான் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் சரி. அதற்குப் போடுகிற தோட்டாவைப் பற்றி அவருக்கு ஒரு தனிச் சித்தாந்தம் இருந்தது. ஒற்றைக் குண்டுத் தோட்டா கூடாதாம், ரவைத் தோட்டாதான் வேண்டுமாம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஈய ரவைகளை உள்ளே அடைத்து, வாயை அட்டையால் மூடிய தோட்டா. சுட்டால் அத்தனையும் சிதறிக்கொண்டு போகும். வேட்டைக்காரர்கள் நீளத் துப்பாக்கியில் போட்டுக் காடை, கவுதாரி சுடுவதைச் சின்னதாக்கி ரிவால்வருக்குப் பண்ணியது. ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் வாய்க்குள் தேங்குழல் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"கேளுங்கோ, குண்டுன்னா ஒண்ணே ஒண்ணு. குறி தப்பினா போச்சு. ராத்திரி தூக்கக் கலக்கத்துல, கை நடுங்கறச்சே எவனால குறி வைக்க முடியும்? ரவைக்குக் குறியே வேண்டாம். அந்தப் பக்கமா நீட்டினா போறும். இன்னொண்ணு, குண்டு சுவத்தைத் துளைச்சுண்டு போயி அடுத்த ஃப்ளாட்காரன் மேல பாயும். ரவை துளைக்காது. சுவத்தோட நின்னுடும். நீளத் துப்பாக்கியை இந்த ரூமுக்குள்ள திருப்ப முடியுமோ? இது சொம்பு மாதிரி கையில நிக்கும். எல்லாத்துக்கும் மேல, ஆள் சாகமாட்டான். பயந்து ஓடுவான். கொலைக் கேஸும் இல்லை, பாவமும் இல்லை. பொம்மனாட்டிகூடச் சுடலாம்."

வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே காப்பியைக் குடிப்பார்கள். ஒருத்தராவது எதிர்க்கேள்வி கேட்டது கிடையாது. நான்தான் மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். குறி வேண்டாம் என்பதை ஒரு பெருமையாகச் சொல்கிறாரே, குறி இல்லாமல் சிதறுவது திருடன் பக்கத்தில் நிற்கிறவன்மேலும் விழாதா? எட்ட நிற்கிற ஆளுக்கு அது வெறும் சுருக்கென்று குத்தி, அவன் கோபத்தைத்தான் கிளப்பும். கிட்டே நிற்கிற ஆளுக்குத்தான் அது வேலை செய்யும். சரி, எங்கள் வீட்டில் அவருக்குக் கிட்டே நிற்கிறவர்கள் யார்? அக்காவும் நானும். இதைத்தான் ஒரு நாள் கேட்டேன். "நீ ஷார்ட்ஹேண்ட் எழுதற வேலையைப் பாரு" என்றார் சிரித்துக்கொண்டே. அவருக்குக் கோபமே வராது. அதுவும் ஒரு கஷ்டம்தான், கோபப்படாத மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது?

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. வீட்டு வேலை காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். அப்புறம் அந்தப் பெரிய பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நாள் நான் பேப்பரில் பார்த்துச் சொன்னேன் என்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்கு மனுப் போட்டாள். குரலைக் கேட்டார்கள், இங்கிலீஷும் ஹிந்தியும் பேசச் சொன்னார்கள், தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பாக்கி இருந்தது டாக்டர் பரிசோதனை மட்டும். காதும் கண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும், ஸ்விட்ச்போர்டில் வரிசை வரிசையாகக் குட்டி விளக்குகள் எரியும், எது எரிகிறது என்று சட்டென்று பார்க்கத் தெரிய வேண்டும். விஜயதசமி கழிந்த வாரத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு மாதம் என் அக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! குழம்புக் கரண்டியைக் காதோடு வைத்துக்கொண்டு, ராகம் பாடுகிற மாதிரி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள். நான் பூரிக் கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு நாக்பூருக்கு ஒரு ட்ரங்க் கால் கேட்பேன். இரண்டு பேரும் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரிப்போம். குழம்பு தீய்ந்துபோகும்.

அத்திம்பேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆளில்லை அவர். "வெளியில இருக்கற இருப்புல, ஷிஃப்ட் முடிஞ்சு நீ எப்படித் தனியா வருவே?" என்று கேட்பார். "ஆத்துல இருந்தா உனக்குக் காவலுக்கு இது இருக்கு. தெருவுல என்ன இருக்கு?" என்று ரிவால்வர் இருந்த பீரோவைக் காட்டுவார். நான் தினமும் அதே தெருவில் நடந்து, அதே ரயிலில் போய்த்தான் வந்துகொண்டிருந்தேன். அது அவர் கண்ணில் படவே இல்லை. அந்த ஊர் என்னைத் திட்டியிருக்கிறது, ஒரு தடவை முறைத்துக்கொண்டே இடித்துத் தள்ளியிருக்கிறது. என் மேல் ஒரு கீறல் போட்டதில்லை. ரிவால்வர் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் பயம் வந்து சேர்ந்தது. எதிர் ஃப்ளாட்டில் காக்கு என்று நாங்கள் கூப்பிடும் மராட்டி அம்மாள், அக்காவுக்குத் தாய் மாதிரி. அவள் பையன் மதராஸிகளுக்கு எதிரான ஏதோ ஊர்வலத்தில் போனான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அத்திம்பேர் வாசற்கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னார். அக்கா அவர் ஆபீஸ் போனதும் திறந்துவிடுவாள்.

பூஜைக்கு வருகிறேன். சரஸ்வதி பூஜையன்று மணையில் வைத்த எதையும் அன்று முழுக்கத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து, ஆரத்தி காட்டி, ஒவ்வொன்றையும் எடுத்துக் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும். படிக்கிற குழந்தை ஒரு வரி படிக்கும், தையல்காரர் நாலு தையல் போடுவார். அப்போதுதான் அந்த வருஷம் முழுக்க அது கைகொடுக்கும் என்று எண்ணம். அன்று காலையும் அப்படித்தான் நடந்தது. அக்கா புத்தகத்தைப் பிரித்து ஒரு வரி பாடினாள், கத்தரிக்கோலால் ஒரு ரவிக்கைத் துணியின் ஓரத்தை நறுக்கினாள், அரிவாள்மணையில் ஒரு வாழைக்காயைத் திருத்தினாள். நான் ஷார்ட்ஹேண்டில் ஒரு வரி எழுதினேன். அத்திம்பேர் பேனாவை எடுத்து ஒரு கையெழுத்துப் போட்டார். அப்புறம் ரிவால்வரை எடுத்தார்.

"ஏன்னா, அதைத் துடைச்சு வச்சா போறாதா?" என்றாள் அக்கா.

"ஏன், கத்தரிக்கோலைத் துடைச்சு வச்சியா? நறுக்கினியோல்லியோ? இதுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

"அதுக்காக ஆத்துக்குள்ள வெடிக்கறதா? அக்கம்பக்கம் என்ன நினைப்பா?"

"தீபாவளி வரது, எவனோ வெடி போடறான்னு நினைப்பா. ஒண்ணே ஒண்ணு. மோரிக்குள்ள சுட்டுடறேன். இது குண்டு இல்லை, சுவத்தைத் துளைக்காதுன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்!"

அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். இத்தனை நாள் வாயால் சொன்னதைச் செய்து காட்ட ஒரு சாக்குக் கிடைத்த சிரிப்பு அது. பூஜையே அவருக்கு அதற்காகத்தான் வந்த மாதிரி இருந்தது. நானாவது போய்க் கையைப் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பூஜை நேரத்தில், வீட்டுக்குப் பெரியவர் கையைப் போய் எந்த மச்சினி பிடிப்பாள்?

மோரி என்று பம்பாயில் நாங்கள் சொல்வது சமையலறையை ஒட்டிப் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிற சின்ன இடம். கீழே கருங்கல், சுவரில் இடுப்பு உயரம்வரை கடப்பைக் கல், மூலையில் துவைக்கிற கல். அந்தக் கல்லின்மேல் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னை நிறுத்தினார். சமையலறைக்குள் பின்வாங்கி நின்றுகொண்டார். அக்கா மோரியின் வாசற்படியோரமாகச் சுண்டல் கிண்ணத்தோடு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால்.

"ரெண்டு பேரும் நன்னாப் பாருங்கோ. டின்னைப் பார்க்க வேண்டாம். சுவத்துல ஓட்டை விழறதான்னு மட்டும் பாருங்கோ."

நான் பயந்தாங்கொள்ளி. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அக்காவின் முதுகோடு ஒட்டிக்கொண்டேன். அக்கா கணவர் பேச்சைத் தட்டாதவள். சுவரைப் பார்த்தாள்.

அந்தச் சத்தம் வெடி மாதிரி இல்லை. காதுக்குள் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. கிண்ணம் உருண்டது, சுண்டல் தரை முழுக்கச் சிதறியது. மருந்து வாடை. நான் கண்ணைத் திறந்தபோது அத்திம்பேர் எங்களைப் பார்க்கவில்லை. மோரிக்குள் போய்க் குனிந்து கடப்பைக் கல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பாத்தேளா! ஒரு ஓட்டை கிடையாது. சொன்னேனா இல்லையா?"

அதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்தியிருந்தாள், விரல் இடுக்கு வழியாக ரத்தம் முழங்கை வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

ஆமாம், ரவை சுவரைத் துளைக்கவில்லை. அவர் சொன்னது சரி. துளைக்காத ரவை எங்கே போகும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. டின்னில் பட்டவை டின்னில் பட்டன, மற்றவை கல்லில் மோதி நாலாபக்கமும் தெறித்தன, அதில் ஒன்றே ஒன்று அக்காவைத் தேடி வந்தது. என் கண் என் பயத்தால் பிழைத்தது. அவள் கண் புருஷன் பார்க்கச் சொன்னதைப் பார்த்ததால் போயிற்று.

அத்திம்பேர் "தண்ணி, தண்ணி" என்று அரற்றிக்கொண்டு ஒரு குடத்தைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தது காக்குதான். "அரே தேவா! க்யா கியா இஸ்கோ?" என்று ஒரு அலறல், இவளை என்ன பண்ணினாய் என்று. அப்புறம் ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் புடவைத் தலைப்பைச் சுருட்டி அக்காவின் கன்னத்தில் வைத்து, தோளோடு அணைத்து மாடிப்படி இறக்கினாள். டாக்ஸி பிடித்துக்கொண்டு வந்து நின்றது அவள் பையன். யாருக்காகக் கதவைச் சாத்தச் சொன்னாரோ அந்தப் பையன். அவன் முன் சீட்டில் உட்கார்ந்து டாக்ஸிக்காரனை விரட்டு விரட்டென்று விரட்டினான். அத்திம்பேர் பின்னால் இன்னொரு டாக்ஸியில் வந்தார்.

கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் அன்று மாலையே சொல்லிவிட்டார். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது தவறி வெடித்தது என்று அத்திம்பேர் போலீஸில் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன். கட்டுப் போட்ட முகத்தோடு அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி, வளையல் பதிந்து வலித்தது. "வேண்டாம்டி. அவர் வேலை போயிடும்" என்றாள். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரம் அவளை எக்ஸ்சேஞ்சில் பரிசோதனைக்கு எதிர்பார்த்திருப்பார்கள். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கண்ணால்.

அத்திம்பேர் அழுதார். நான் பார்த்தேன். மாதக்கணக்கில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து மருந்து விட்டார், பஞ்சால் துடைத்தார், அக்காவைச் சமையலறைப் பக்கம் விடாமல் தானே சமைத்தார். இதையும் மறைக்கப் போவதில்லை. அழுது முடித்ததும் என்ன செய்தார் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

உடம்பு விசாரிக்க வந்தவர்கள் மறுபடி அதே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மறுபடி காப்பி. முதல் சில வாரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "ஏதோ பகவான் புண்ணியம். ரவையா இருந்ததால பொழச்சா. குண்டா இருந்தா அன்னிக்கே ஆளே இல்லை." வந்தவர் தலையாட்டினார். "வாஸ்தவம்தான்" என்றார். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. ஆள் சாகமாட்டான், சுவரைத் துளைக்காது, குறி வேண்டாம் என்று முன்னால் சொன்ன அத்தனை பெருமைகளோடு இதையும் சேர்த்துக்கொண்டார், தன் பெண்டாட்டி உயிரோடு இருப்பதே ரவைத் தோட்டாவின் மேன்மைக்கு அத்தாட்சி! அக்கா காப்பித் தட்டோடு நின்றுகொண்டு அதைக் கேட்பாள். தட்டை வைக்கும்போது மேஜை விளிம்பு தெரியாமல் இடித்துக்கொள்வாள், ஒரு பக்கம் அவளுக்கு உலகமே இல்லையே.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளிகள் எதிரிலேயே, "அத்திம்பேர், வாய் கிழியப் பேசறேளே, அந்தச் சனியன் இந்த ஆத்துக்கு வராம இருந்திருந்தா அக்கா ரெண்டு கண்ணோட பொழச்சிருப்பாளே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கறேள்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாத பார்வை. "திருடன் வந்திருந்தா?" என்றார். எந்தத் திருடன்? அந்த வீட்டுக்குத் திருடனும் வரவில்லை, கலகக்காரனும் வரவில்லை, அவர் பயந்த எவனும் வரவில்லை. அந்த மாதமே நான் பெண்கள் விடுதி ஒன்றுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் அவரோடு நான் பேசிய வார்த்தைகள் எல்லாம் "அக்கா இருக்காளா?" என்கிற அளவில்தான்.

மறு வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அக்கா கூப்பிட்டாள் என்பதற்காகப் போனேன். போலீஸிலிருந்து ரிவால்வர் திரும்பி வந்திருந்தது. மனுஷர் கொஞ்சம்கூடக் கூசாமல் ஃப்ளானல் துணியோடு கொண்டுவந்து மணையில் வைத்தார். அக்கா கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்தாள், புத்தகத்துக்கு வைத்தாள், பேனாவுக்கு வைத்தாள். ரிவால்வர் பக்கம் வந்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கு?" என்றார்.

"இதுக்கு நான் வைக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அவர் இருந்தவரை அவள் அவருக்குச் சொன்ன ஒரே மறுப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அவர் அதைத் தானே எடுத்துக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டினார். செம்பூருக்கு வீடு மாறியபோது அது யாரிடமோ போய்ச் சேர்ந்தது. யாரிடம் என்று நான் கேட்கவில்லை. அதோடு அவர் பேச்சு நின்றதா? இல்லை. கடைசிவரை, கேட்க ஆள் கிடைத்தால் போதும், ரவை குண்டைவிட மேல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இப்போது அக்காவும் நானும் அதே செம்பூர் வீட்டில்தான். அவர் படம் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. பூ வாங்கிப் போடுவது அக்கா. நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகும், வீட்டு டெலிபோனை எடுத்துவிடலாம் என்றால் அக்கா சம்மதிக்க மாட்டாள். யாரும் கூப்பிடாத அந்தக் கறுப்பு டெலிபோனைத் தினமும் துடைத்து வைக்கிறாள்.

இந்த வருஷமும் சரஸ்வதி பூஜை வந்தது. மணைமேல் சிவப்புத் துண்டு. கத்தரிக்கோல், புத்தகங்கள், என் மூக்குக்கண்ணாடி. நடுவில், முன்பு அந்தச் சனியன் இருந்த இடத்தில், டெலிபோன். அவர் காலமான வருஷத்திலிருந்தே இப்படித்தான். அக்கா ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக் குனிந்து, தடவித் தடவி, ரிசீவரின் நடுவில் சரியாகச் சந்தனப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஆரத்தி மணி ஓய்ந்தது. புத்தகம் பிரிகிற சத்தம், ஒரு வரிப் பாட்டு, கத்தரிக்கோலின் ஒரு நறுக்கு. அப்புறம் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பேன். கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"நம்பர் ப்ளீஸ்" என்றாள் அக்கா.

எண்பது தாண்டிவிட்டது அவளுக்கு. குரலில் ஒரு பிசிறு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அந்த வேலை அவளுக்குக் கட்டாயம் கிடைத்திருக்கும்.